ஆதாரில் 56, பள்ளிச் சான்றிதழில் 58: பென்ஷனுக்கு எது என் வயது?

பேர்ணாம்பட்டு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கம்பெனி எதையும் இங்கே சொல்லவில்லை. கடிதத்தின் சாரம் இது.

2003 முதல் 2009 வரை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்திருக்கிறார். மாமியார் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டார். அடுத்த சில மாதங்களில் மகள் கல்யாணம் வந்தது. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு செய்தார். 2015-ல் வேறொரு கம்பெனியில் சேர்ந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறார். கண் மங்கியதால் இப்போது மெஷினில் உட்காருவதில்லை, டேபிள் வேலை. மாதம் 1,512 ரூபாய் பி.எஃப். பிடிக்கிறார்கள். கணவர் தோல் பதனிடும் டேனரியில் இருந்தவர், மூச்சுத் திணறல்காரர். இவருடைய இ.எஸ்.ஐ. அட்டையில்தான் அவருக்கு மருந்து வருகிறது.

முதல் கம்பெனியில் சேரும்போது பள்ளி டி.சி.யைக் கொடுத்திருக்கிறார். அதன்படி இன்னும் சில மாதங்களில் 58 நிறைகிறது. ஆதார் எடுத்தபோது யாரோ உத்தேசமாக 1.1.1970 என்று போட்டுவிட்டார்கள். இரண்டாவது கம்பெனி அந்தத் தேதியைத்தான் எழுதிக்கொண்டது. அதன்படி வயது 56. இதற்கு நடுவே, அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண், “எங்களுக்கு 60 ஆக்கிட்டாங்க, உங்களுக்கும் ஆக்கப்போறாங்க” என்று சொல்லியிருக்கிறார். டவுனில் பி.எஃப். ஃபாரம் போட்டுத் தரும் ஒருவர், “சட்டம் மாறுவதற்குள் வேலையை விட்டுவிடுங்கள், இப்போதே பென்ஷன் வாங்கித் தருகிறேன், 5,000 கொடுங்கள்” என்கிறாராம். கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

அம்மா, அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ராஜினாமா கடிதத்திலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். இவை இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் மீதியைப் படித்து முடிப்பதற்குள் அவர் திரும்ப வந்து நிற்கக்கூடும். காரணங்களை இனி நிதானமாகப் பார்க்கலாம்.

60 என்ற பேச்சு எங்கிருந்து வந்தது

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பொய் சொல்லவில்லை. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. ஆனால் அது அரசு தன் ஊழியர்களுக்குப் போட்ட உத்தரவு. உங்கள் பென்ஷன் 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வருவது. அதில் முழு பென்ஷன் வயது 58. அதை 60 ஆக்கலாமா என்று அவ்வப்போது பேச்சு எழும், செய்தியும் வரும். ஆனால் 58 மாறவில்லை.

இன்னும் இரண்டு 60-கள் இதோடு கலந்து குழப்புகின்றன. ஒன்று, தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் முதியோர் உதவித்தொகை. அதற்கு வயது 60. 2011-க்கு முன் மத்தியத் திட்டத்தில் 65 ஆக இருந்ததைக் குறைத்தார்கள். மற்றொன்று உங்கள் பி.எஃப். பென்ஷனிலேயே இருப்பது. விருப்பப்பட்டால் 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போடலாம், தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். இது நாமாகக் கேட்டால் மட்டும்தான். யாரும் நம்மைத் தள்ள முடியாது.

58 மாறவில்லையே தவிர, அதைச் சுற்றியிருந்தவை நிறைய மாறிவிட்டன. 50 வயது முடிந்து வேலையை விட்டவர்கள் குறைந்த பென்ஷனை முன்கூட்டியே வாங்கலாம் என்ற வசதி முதலிலிருந்தே உண்டு. அதற்கான பிடித்தம் வருடத்துக்கு 3 சதவீதமாக இருந்தது, 2008 செப்டம்பரில் 4 ஆனது. முன்பு கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுத்தார்கள். 2014 செப்டம்பரிலிருந்து கடைசி 60 மாதச் சராசரி. உங்களைப் போல ஐம்பதைத் தாண்டியபின் கண்ணோ முட்டியோ ஒத்துழைக்காமல் லேசான வேலைக்கு மாறிய பெண்களுக்கு இந்த மாற்றம் அதிகம் வலிக்கும். அதைப் பற்றி எந்தச் செய்தியிலும் பெரிதாகப் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1,512 ரூபாய் பிடிக்கிறார்கள் என்றால், அது 12 சதவீதம், உங்கள் பி.எஃப். சம்பளம் 12,600. ஐந்து வருடச் சராசரி இதைவிடக் குறைவாகத்தான் வரும். புரிவதற்காக 12,600 என்றே வைத்துக்கொள்கிறேன். சம்பளத்தை வேலை செய்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,600-ஐ 70-ஆல் வகுத்தால் 180. அதாவது இரண்டாவது கம்பெனியில் நீங்கள் கழித்த ஒவ்வொரு வருடமும் மாதப் பென்ஷனில் 180 ரூபாய். 11 வருடத்துக்கு 1,980.

முதல் கம்பெனியின் 6 வருடங்களுக்குக் கணக்கு வேறு. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீசுக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய். அதை 6-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 557. அந்த 6 வருடச் சர்வீஸ் பென்ஷன் கணக்கில் இன்னும் உயிரோடு இருந்தால் மொத்தம் 2,537 ரூபாய். இல்லையென்றால் 1,980.

இப்போது அந்த ஃபாரக்காரர் சொல்வதைப் பார்ப்போம். அவர் ஆதார் தேதியை வைத்து, 56 வயதுக்காரர் என்று விண்ணப்பம் போடுவார். 58-க்கு இரண்டு வருடம் குறைவு, எனவே சுமார் 8 சதவீதம் வெட்டு. 2,537-ல் ஏறக்குறைய 200 ரூபாய் போய்விடும். 58 வந்ததும் அந்தப் பணம் திரும்பச் சேராது. உங்கள் ஆயுள் முழுக்க அந்த வெட்டோடுதான் பென்ஷன் வரும். டி.சி.யின்படி உங்களுக்கு 58 நிறைய இன்னும் சில மாதங்களே இருக்கும்போது, தவறான வயதைக் காட்டி, 5,000 ரூபாய் கொடுத்து, மாதாமாதம் 200 ரூபாயை இழப்பதா? கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பென்ஷன் விண்ணப்பமான படிவம் 10-டிக்குக் கட்டணமே கிடையாது.

முன்கூட்டிய பென்ஷன் வேண்டுமென்றால் வேலையை விட்டே ஆக வேண்டும். 58 நிறைந்தபின் அப்படி இல்லை. கம்பெனி வைத்துக்கொண்டால் வேலையும் பார்க்கலாம், பென்ஷனும் வாங்கலாம். “பென்ஷன் வந்தால் வேலை போய்விடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

சரி, 60 வரை தள்ளிப்போட்டால்? இரண்டு வருடத்தில் கைவிடும் பென்ஷன் ஏறக்குறைய 61,000 ரூபாய். கூடுவது மாதம் 200 சொச்சம். விட்டதைப் பிடிக்க 25 வருடம் ஆகும். வேலையில் தொடர்ந்து பென்ஷன் நிதிக்கும் பணம் போய்க்கொண்டிருந்தால் சர்வீஸ் இரண்டு வருடம் கூடும், கூடுதல் பென்ஷன் மாதம் 600-ஐ நெருங்கும். ஆனால் 58-க்குப் பிறகு உங்கள் பி.எஃப். கணக்கில் சேர வேண்டிய முதலாளி பங்கிலிருந்து மாதம் 1,050 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போய்விடும். அதையும் சேர்த்தால் 72 வயதுக்குப் பிறகுதான் லாபம். மருந்துச் செலவு உள்ள வீட்டுக்கு இது சரிப்படாது என்பது என் அபிப்ராயம். 58-ல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 6 வருடம் இருக்கிறதா, போய்விட்டதா

மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுத்தபோது, “ரெண்டு மூணு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். படிவம் 19 மட்டும் போட்டிருந்தால் பி.எஃப். பணம்தான் எடுக்கப்பட்டிருக்கும், பென்ஷன் சர்வீஸ் அப்படியே இருக்கும். அதோடு 10-சியும் போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்திருந்தால் அந்த 6 வருடம் போனதுதான். அந்தக் காலத்து வங்கிப் புத்தகத்தைத் தேடுங்கள். பி.எஃப். அலுவலகத்திலிருந்து ஒரே தொகை வந்திருக்கிறதா, சில நாள் இடைவெளியில் இரண்டு தொகைகளா என்று பாருங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் 10-சியும் போயிருக்கும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு இதே கதைதான். பிரசவம், மாமியார் நோய், பிள்ளை படிப்பு, கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் வேலையை விடுவார்கள், ஒவ்வொரு முறையும் கணக்கை வழித்து எடுப்பார்கள். ஆண் தொழிலாளியின் சர்வீஸ் ஒரே கோடாக ஓடும். பெண்ணுடையது துண்டு துண்டாகக் கிடக்கும். பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். இருபது வருடம் கம்பெனி பஸ் ஏறியும் கணக்கில் ஏழு வருடத்தோடு நிற்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பென்ஷன் வயதை ஒரு வருடம் ஏற்றினாலும் இறக்கினாலும் முதலில் அடிபடுவது இவர்கள்தான். உங்களுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. இரண்டாவது கம்பெனி சர்வீஸ் மட்டுமே 10 வருடத்தைத் தாண்டிவிட்டது. அதனால் அந்த 6 வருடம் போயிருந்தாலும் பென்ஷன் உறுதி. அந்த 6 வருடத்தைத் தேடுவது 557 ரூபாய்க்காக மட்டுமே.

எந்தத் தேதி உங்கள் தேதி

கடிதத்தில் நீங்கள் இதைக் கடைசியில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள். என் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் வயதுச் சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது. அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைத் தீர்மானிக்க ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழே மேல் என்றது. அதனால் உங்கள் டி.சி. பலமான ஆவணம். முதல் கம்பெனி கணக்கில் 1968, இரண்டாவதில் 1970 என்று இருக்கும்வரை இரண்டையும் இணைக்க முடியாது. கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு விண்ணப்பம் மூலம் பி.எஃப். பதிவைத் திருத்த வேண்டும். ஆதாரும் ஒத்துப்போக வேண்டியிருக்கும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒருமுறைதான் மாற்ற முடியும், ஆகவே அவசரப்பட்டு ஏதாவது ஒரு கடையில் மாற்றிவிடாதீர்கள். பள்ளிச் சான்றே இல்லாத பெண்களுக்கு, அரசு மருத்துவரான சிவில் சர்ஜன் பரிசோதித்துத் தரும் வயதுச் சான்றும் பிரமாணப் பத்திரமும் சேர்ந்து ஏற்கப்படும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உங்கள் கம்பெனியில் ஓய்வு வயது 58 என்றால், தேதியைத் திருத்திய சில மாதங்களில் வேலை முடிந்துவிடும். மாதம் 12,600 போய் 2,537 வரும். ஆதார் தேதியிலேயே இருந்தால் இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் சம்பளம் வரும். உங்கள் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான் என்று புரிகிறது. வயிற்றுப்பாட்டுக் கணக்கை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வக்கீலாக, தெரிந்தே தவறான தேதியில் தொடருங்கள் என்றும் எழுத முடியாது. உண்மை வயது 58-ஐத் தாண்டியபின் பென்ஷன் நிதிக்குப் போகும் பணம் பிறகு சிக்கலாகும். பென்ஷன் விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டு மாதக்கணக்கில் அலைய விடுவார்கள். வேலைக்கு ஒரு தேதி, பென்ஷனுக்கு ஒரு தேதி என்று இரண்டையும் வைத்துக்கொள்ள எந்த அலுவலகமும் விடாது. ஓய்வுபெறும் நேரத்தில் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பவர்களை நீதிமன்றங்களும் எளிதில் ஏற்பதில்லை. அதனால் கேட்பதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

திருத்தத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணைகளிலோ உங்கள் நியமனக் கடிதத்திலோ ஓய்வு வயது என்ன என்று பாருங்கள். எல்லா இடத்திலும் 58 இல்லை. 60 என்றிருந்தால் உங்கள் சங்கடம் அங்கேயே தீர்ந்தது. 58 என்றிருந்தாலும், ஓய்வுக்குப் பின் தினக்கூலியாகவோ ஒப்பந்தத்திலோ வைத்துக்கொள்வார்களா என்று பர்சனல் அலுவலகத்தில் கேளுங்கள். டேபிள் வேலை தெரிந்த கைகளை எளிதில் விட மாட்டார்கள்.

ராஜினாமாவில் இன்னொரு நஷ்டம்

இ.எஸ்.ஐ. பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அந்தக் கவலைதான் அதிகம். குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் வேலையிலிருந்து போகிறவர், வருடம் 120 ரூபாய் கட்டி, தனக்கும் கணவருக்கும் மருத்துவத்தைத் தொடரலாம். ஆமாம், வருடத்துக்கு 120 ரூபாய்தான். கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்றதற்கான சான்று வேண்டும். நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இந்த உரிமை கேள்விக்குறியாகிவிடும். உங்கள் கணவருடைய மாத மருந்தை வெளியே வாங்கினால் என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அந்த ஃபாரக்காரர் பேசும் பென்ஷனைவிட இந்த அட்டை உங்கள் வீட்டுக்குப் பெரிது.

வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியும் உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. 11 வருடத்துக்கு ஏறக்குறைய 79,960 ரூபாய். இது பி.எஃப்.பிலோ பென்ஷனிலோ சேராத தனிப் பணம். “எல்லாம் செட்டில் ஆகிவிட்டது” என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், இந்தத் தொகை அதில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின் போடுங்கள்.

எங்கே போவது

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற பெயரில் பி.எஃப். குறைதீர் முகாம் மாவட்டந்தோறும் நடக்கிறது. அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாள். டி.சி. அசலையும் நகலையும், இரண்டு கம்பெனி பி.எஃப். எண்களையும், பழைய வங்கிப் புத்தகத்தையும், கடைசிச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: “முதல் கணக்கில் 10-சி பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறதா?” அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி, பெண் என்பதே இலவச சட்ட உதவிக்குப் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

கடைசியாக உங்கள் நாத்தனார் பற்றி. குடியாத்தத்தில் முப்பது வருடமாக வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார், “வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு பி.எஃப். கிடையாது என்றார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பீடித் தொழில் 1977-லேயே பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிட்டது. வீட்டில் சுற்றுபவர்களும் தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொல்லிவிட்டது. அவரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையோ, இலை கொடுத்து பீடி வாங்கிய கணக்குப் புத்தகமோ இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அவற்றை வைத்துப் புகார் கொடுத்து விசாரணை கேட்கலாம், நாளாகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். 61 வயது, கணவர் இல்லை, ஆதரவும் இல்லை என்பதால் அரசு உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கட்டும். 2023 ஆகஸ்டு முதல் அது மாதம் 1,200 ரூபாய். நீங்கள் முகாமுக்குப் போகும் நாளில் அவரையும் கூட அழைத்துப் போங்கள், ஒரே பஸ் செலவில் இரண்டு மனுக்களையும் கொடுத்துவிடலாம்.